பங்கு நாறுவதில்லை

பூசான் துறைமுகத்தில் மழை.
பங்குத் தரகுக் கிளையின் மூன்றாம் கவுண்டரில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
எங்கள் ஊர்ப் பலகையில்
விலை ஏறினால் சிவப்பு, இறங்கினால் நீலம்.
அந்த இலையுதிர்காலம் முழுக்கச்
சுவர் கடலாகிக் கிடந்தது.

மதிய இடைவேளையில், பன்னிரண்டு பத்துக்கு,
பேராசிரியர் மேங் வருவார்.
குடையை மடக்கித் தண்ணீரை உதறி
விற்பனைச் சீட்டில் எழுதுவார்:
கிழக்குக்கடல் காலணி ஆலை, 700 பங்கு,
விலை பதினெட்டாயிரத்து நானூறு வோன்.
பலகையில் அது இரண்டாயிரத்து முந்நூறு.

"ஐயா, இன்றைய உச்சவரம்பு இதில் கால்வாசிகூட இல்லை.
கணினி வாங்காது."
"இருக்கட்டும். வைத்திருங்கள்."
வாங்கி இழுப்பறையில் போடுவேன்.
நாற்பத்தொரு சீட்டு, ஒரே கையெழுத்து.
கடைசி வாரச் சீட்டுகளில் மட்டும்
ஏழின் வால் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

மாலை வகுப்பில் அவர் சொல்லித் தருவது வேறு.
என் தம்பி அவருடைய மாணவன்,
நோட்டைப் புரட்டியிருக்கிறேன்:
தெரிந்த செய்தி எல்லாம்
விலைக்குள் முன்பே போய் உட்கார்ந்துவிட்டது.
நாளைய விலை, குடித்தவன் எடுத்துவைக்கும் அடுத்த அடி.
நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது
சந்தைக்குத் தெரியாது.
கடைசி வரியின் கீழ் தம்பி
இரண்டு கோடு போட்டிருந்தான்.

ஜகல்ச்சி மீன்சந்தையில் பியோ சுன்-ஓக்
இந்தப் பாடத்தைப் படித்தவள் இல்லை.
நாலு மணிக்குக் கானாங்கெளுத்தியைப்
பாதி விலைக்குக் கூவுவாள்.
ஐந்துக்குக் கால்வாசி.
ஐந்தரைக்கு, வாளியோடு எடுத்துக்கொண்டு போ.
"விடிகாலை ஏலத்தில் நான் என்ன கொடுத்தேன் என்று
இந்த மீனுக்குத் தெரியுமா?"
செவுளைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள்.
மேகம், திரும்பாத படகு, எதிர்க்கடைக்காரியின் குரல்,
மறுநாள் விடுமுறையா என்பது,
எல்லாம் அவள் தொண்டைக்குள் கூடி
ஒற்றை எண்ணாக வெளியே வரும்.
பேராசிரியரின் சந்தை
ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே பியோ
ஒரு வியாழக்கிழமை என் கவுண்டருக்கு வந்தாள்.
செதில் ஒட்டிய கையால்
கணக்குப் புத்தகத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.
வங்கிப் பங்கு. எட்டாயிரத்துக்கு வாங்கியது,
இப்போது தொள்ளாயிரம்.
"விற்றுவிடலாமே" என்றேன்.
நான் அவளைக் கைநீட்டி அடித்ததுபோல் பார்த்தாள்.
"வாங்கின விலையாவது வரட்டும், பொறு."

அக்கா, மீனுக்குச் சொன்னதை
இதற்கும் சொல்லேன் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
பங்கு நாறுவதில்லை, அதுதான்.
கண் வெளுப்பதில்லை, ஈ மொய்ப்பதில்லை,
வாங்கிய நாளின் முகத்தோடு
வைத்த இடத்தில் கிடக்கிறது.
நாலு மணிக்கு அதுவும் நாறத் தொடங்கினால்
பேராசிரியர் சொல்வதெல்லாம்
ஐந்தரைக்குள் உண்மையாகிவிடும்.

டிசம்பரில் ஒரு திங்கள்,
பலகையில் காலணி ஆலையின் பெயர் இல்லை.
கீழே இருந்த சர்க்கரை ஆலை ஒரு வரி மேலேறி
அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.
பன்னிரண்டு பத்து. வந்தார்.
குடையை உதறவில்லை.
பலகையை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார்.
"விலை சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது" என்றார்,
என்னிடமா என்று தெரியவில்லை.
பேனா மூடியைத் திறந்தார். மூடினார்.
காலடியில் தண்ணீர் சொட்டித் தேங்கியது.

நான் இழுப்பறையைத் திறக்கவில்லை.
அவருடைய சீட்டுகளுக்கு அடியில்
என்னுடையதும் ஒன்று கிடக்கிறது:
அதே ஆலை, இருநூறு பங்கு,
பதினேழாயிரத்துத் தொள்ளாயிரம்.
பேராசிரியரே வாங்குகிறாரே என்று வாங்கியது.
அவர் யாரைப் பார்த்து வாங்கினார் என்று
ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

ஒரு மணி.
பலகை மறுபடி ஓடத் தொடங்கியது.
வரிசையில் அடுத்தவர் இருமினார்.